அஞ்சலாட்சியின் மடி

குரு என்றால் தாடி இருக்கும், மரத்தடியில் உட்கார்ந்திருப்பார் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையில் ஏமாந்து போவார்கள். இந்த குருவுக்கு முப்பத்தெட்டு வயது. பெயர் பெர்னதெத். புதுச்சேரியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை, அதன் மாடியில் அவளுடைய அறை. சீடர் கலியபெருமாளுக்கு அறுபத்திரண்டு. வயதை வைத்துத்தான் ஒருவரை அவள் என்றும் மற்றவரை அவர் என்றும் எழுதுகிறேன். சீடர் அவளை ஒருநாளும் டீச்சர் என்பதற்குக் குறைவாகக் கூப்பிட்டதில்லை.

பெர்னதெத் பழைய குடும்பப் படங்களின் மேல் ஊசி நூலால் தைப்பாள். துணியில் இல்லை, புகைப்படத் தாளிலேயே. கல்யாணக் கோலத்தில் விறைப்பாக நிற்கும் இருவருக்கு நடுவில் சிவப்பு நூல் ஒன்று ஓடும். பிரெஞ்சுக்காரர் காலத்துச் சிப்பாய் ஒருவரின் தோளில், அவர் பார்த்தே இராத பேத்தி நூலால் உட்கார்ந்திருப்பாள். இதையெல்லாம் ஒரு கண்காட்சியாக வைத்தார்கள். கலியபெருமாள் மழைக்கு ஒதுங்கப் போனவர், மழை விட்ட பிறகும் வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் மாடிப்படி ஏறி வந்து நின்றார்.

"எனக்குக் கத்துக்கொடுப்பீங்களா டீச்சர்?"

"இதுக்கு முன்னாடி ஊசி பிடிச்சிருக்கீங்களா சார்?"

"சாக்குப் பை தைச்சிருக்கேன். தபால் ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம்."

"போதும். உக்காருங்க. டீ சொல்லிட்டு வரேன்."

அவள் கீழே போனாள். எதிர்ச் சுவரில் ஒரு படம். கோட்டுப் போட்ட ஒருவர், அவர் விரலைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண். இருவரின் கைகளுக்கு நடுவில் நீல நூலில் ஒரே ஒரு தையல். மிச்ச நூல் ஊசியோடு சேர்ந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தபால் பையில் ஒரு பிசிறு தொங்கினாலும் பொறுக்காதவர் கலியபெருமாள். எழுந்து போனார். முடிச்சுப் போட்டார், நூலை நறுக்கினார், ஊசியை எடுத்துப் பத்திரமாகப் பஞ்சில் குத்தி வைத்தார்.

பெர்னதெத் டீயோடு வந்தாள்.

"அந்தப் படத்துல ஊசி தொங்கிக்கிட்டு இருந்தது டீச்சர். மறந்துட்டீங்க போல. முடிச்சுட்டேன்."

அவள் டீயைக் கீழே வைத்தாள். கோபம் வரவில்லை என்று சொல்ல முடியாது, காது மடல் சிவந்துவிட்டது.

"அது எங்க அப்பா சார். பிரான்சுல இருக்காரு. இருபத்திரண்டு வருஷமாப் பேச்சு இல்ல. என் பக்கத்துத் தையலை நான் போட்டுட்டேன். அடுத்தது அவருக்காக விட்டு வெச்சது."

"வருவாரா?"

"தெரியாது."

"வரலைன்னா?"

"ஊசி தொங்கும்."

அவர் போட்ட முடிச்சைப் பிரித்து, புது நூலைச் சேர்த்து, ஊசியைப் பழையபடி தொங்கவிட்டாள்.

"இங்க கேக்காம முடிச்சுப் போடாதீங்க சார்."

கலியபெருமாள் சட்டைப் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்து, 'முடிச்சு: கேட்டுப் போடவும்' என்று எழுதிக்கொண்டார். அதுதான் முதல் பாடம்.

ஒரு வாரம் கழித்து, காக்கி உறைக்குள் வைத்து ஒரு படத்தைக் கொண்டு வந்தார். கருப்பு வெள்ளை. ஐம்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்டூடியோவில் எடுத்தது. நாற்காலியில் அம்மா. மடியில் இரண்டு வயசுத் தம்பி தணிகாசலம். பக்கத்தில் ஒன்பது வயசுக் கலியபெருமாள், கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்.

"கோட்டு உங்களுதா?"

"ஸ்டூடியோக்காரரோடது. அங்க வர்ற பசங்க எல்லாருக்கும் அதே கோட்டுதான். முதுகுல துணி கிளிப் போட்டு இழுத்துப் பிடிச்சிருப்பாரு. முன்னாடி பாத்தா கலெக்டர், பின்னாடி பாத்தா கொடியில காயற சட்டை."

"பின்னால படிக்கட்டு இருக்கே."

"அது திரையில வரைஞ்சது. தம்பி அதுல ஏறியே தீருவேன்னு அழுதான். உதைச்சான். அசைஞ்சா படம் கலைஞ்சிடும்னு ஸ்டூடியோக்காரர் சத்தம் போட்டாரு. அம்மா என்னைப் பாத்து, அவன் காலைப் பிடிச்சுக்கடான்னாங்க. பிடிச்சுக்கிட்டேன்."

படத்தில் அது தெரிந்தது. பையனின் நான்கு விரல்கள் குழந்தையின் கணுக்காலைச் சுற்றி இருந்தன. பெரிய பொறுப்பை ஏற்றுக்கொண்ட முகம்.

"வெளியே வந்ததும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாங்க டீச்சர். அவனுக்கு மூக்குல ஏறித் தும்மிட்டான். எங்கம்மா சிரிச்சுச் சிரிச்சு, நிக்க முடியாம ரோட்டோரத்துல உக்காந்துட்டாங்க. அம்மா அப்படிச் சிரிச்சு அதுக்கப்புறம் நான் பாத்ததில்ல."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அந்தச் சோடாக் கடைக்கு ஒரு தடவை திரும்பிப் போக முடிந்தால் மிச்சமிருக்கும் வயதை எழுதிக் கொடுத்துவிடுவார் என்று தோன்றியது.

"அம்மா பேரு?"

"அஞ்சலாட்சி. அம்மா பேர்லயே அஞ்சல் இருந்ததாலதான் எனக்குத் தபால் வேலை கெடச்சுதுன்னு ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவாங்க."

"தம்பி எங்க இருக்காரு?"

"கடலூர்ல."

"வருவாரா, போவாரா?"

"பேசறதில்ல. ஒம்பது வருஷம்."

அவ்வளவு பேசியவர் இதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொன்னார். பெர்னதெத் மேலே கேட்கவில்லை.

பாடம் நடந்தது. முதலில் நகல் எடுத்த படங்களில் பழக வேண்டும். தெர்மாகோல் பலகை மேல் படத்தை வைத்து, ஊசியால் துளைகளை மட்டும் போட்டுக்கொண்டு, அப்புறம் நூலைக் கோக்க வேண்டும். மேசை மேல் ஒரு டப்பா மூடியில் அவள் கொஞ்சம் அரிசி வைத்திருந்தாள்.

"ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவுல ஒரு அரிசி படுக்கணும் சார். அதுக்குக் குறையக் கூடாது."

"அவ்ளோ எடம் எதுக்கு?"

"தாளுக்கு வேணும்."

"கோடு விட்டு விட்டுத் தெரியுதே டீச்சர். நெருக்கமாப் போட்டா அழகா ஒரே கோடா வருமே."

"துணின்னா போடலாம். துணியில தப்பாக் குத்தினா பிரிச்சுட்டு நகத்தால தேய்ச்சா மூடிக்கும். தாள்ல குத்தினா குத்தினதுதான்."

நோட்டில் எழுதிக்கொண்டார். ஆனாலும் அந்த இடைவெளி அவருக்குப் பிடிக்கவே இல்லை. அரிசியை வைத்து வைத்துப் பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், அடுத்ததைக் குத்துவார். இப்படி நான்கு மாதத்தில் இருபது நகல்களைப் பாழாக்கி, இருபத்தோராவதில் தேறினார்.

தை பிறந்ததும் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தம்பி மகளுக்குக் கல்யாணம். கூடப் பிறந்தவனுக்குப் பத்திரிகை வைப்பதென்றால் புருஷன் பெண்டாட்டியாக நேரில் வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க வேண்டும். தணிகாசலம் தபாலில் அனுப்பியிருந்தார். முப்பத்தாறு வருடம் ஊரார் பத்திரிகைகளையெல்லாம் முத்திரை குத்தி அனுப்பியவருக்குத் தன் வீட்டுப் பத்திரிகையும் அப்படியே வந்தது. ஆனால் உறையின் மேல் விலாசம் தம்பியின் கையெழுத்து. அதை அவர் பெர்னதெத்திடம் மூன்று தடவை காட்டினார்.

"அசல் படத்துலயே தைச்சுக் கல்யாணத்துல அவனுக்குக் கொடுக்கப் போறேன் டீச்சர்."

"நகல்லயே நல்லாப் போட்டிருக்கீங்களே. அசல் பழைய தாள் சார். அப்பளம் மாதிரி இருக்கு."

"நகலைக் கொடுத்தா ஒப்புக்குக் கொடுத்தேன்னு நினைப்பான். இதுதான் கடைசி டீச்சர். இதுக்கும் அவன் என்கிட்டப் பேசலைன்னா அப்புறம் எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சாவுக்குத்தான் இன்னொருத்தர் போய் நிக்கணும்."

அவள் மறுக்கவில்லை. டப்பா மூடியிலிருந்த அரிசியை ஒரு காகிதத்தில் மடித்து அவர் பையில் போட்டாள்.

நான்கு நாள் அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் வந்தார். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டார். காக்கி உறையை மேசையில் கவிழ்த்தார். படம் விழுந்தது. அதன் பின்னால், தனியாக, தணிகாசலம் விழுந்தான்.

குழந்தையைச் சுற்றித் தங்க நிற நூல். பிசிறு இல்லாத, ஒரே ஒழுங்கான கோடு. ஓர் அரிசி படுக்கும் இடத்தில் ஐந்து துளைகள் இருந்தன. அஞ்சலாட்சியின் மடியில் குழந்தை அளவுக்கு ஓட்டை.

"கிழிஞ்சுடுச்சா சார்?"

"கிழியல டீச்சர். கழண்டு வந்துடுச்சு. கடைசித் தையலை இழுத்தேன், டர்ருன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஸ்டாம்பு கிழிக்கற சத்தம்."

அவர் நின்றுகொண்டே பேசினார்.

"தினம் தாள் தாளா ஸ்டாம்பு கிழிச்சவன் நான். நெருக்கமா ஓட்டை போடறது கிழிக்கறதுக்குத்தான்னு எனக்குத் தெரியாதா? என் புத்தியில ஏறலையே. அவனை யாரும் பிரிக்க முடியாத மாதிரி கெட்டியாப் போடணும்னுதான் பாத்தேன்."

பெர்னதெத் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை.

"எங்கம்மாகிட்டேருந்து அவனை எடுத்துட்டேன். ரெண்டாவது தடவை."

"முதல் தடவை எப்போ?"

அப்போதுதான் உட்கார்ந்தார்.

"அம்மா செத்தப்போ அவன் பம்பாயில இருந்தான். விமானத்துல மெட்ராஸ் வந்து, கார் பிடிச்சு வந்துக்கிட்டு இருந்தான். செங்கல்பட்டுலேருந்து போன் பண்ணினான். அண்ணா, வந்துக்கிட்டே இருக்கேன், எடுத்துடாதீங்கன்னான். எங்க வழக்கத்துல அப்பாவுக்கு மூத்த பிள்ளை, அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை கொள்ளி வைக்கணும். வாடா, இருக்கோம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"இருட்டறதுக்கு முன்னாடி எடுத்துடணும்னு ஒருத்தர் ஆரம்பிச்சாரு. மழை வர மாதிரி இருக்குன்னு இன்னொருத்தர். வந்தவங்க எல்லாம் வாட்சைப் பாத்தாங்க. எடுத்துட்டோம். நானே வெச்சேன்."

"தம்பி எப்ப வந்தாரு?"

"ரெண்டு மணி நேரம் கழிச்சு. நேரா சுடுகாட்டுக்கு வந்தான். பொகை வந்துக்கிட்டு இருந்தது. என்னைப் பாத்து ஒண்ணுதான் கேட்டான். நான்தானே வைக்கணும்?"

"நீங்க என்னா சொன்னீங்க?"

"நெலவரத்தை விளக்கமாச் சொன்னேன். அதுக்கப்புறம் நாலு லெட்டர் போட்டேன். அதுலயும் தெளிவா விளக்கியிருக்கேன். பெரியவங்க சொன்னது, மழை, நேரம், எல்லாம்."

"அவர் விளக்கம் கேட்டாரா சார்?"

"இல்ல."

"தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு லெட்டர்ல எழுதினீங்களா?"

கலியபெருமாள் மேசையைப் பார்த்தார். நான்கு கடிதங்களையும் மனசுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

"இல்ல டீச்சர்."

கீழே சைக்கிள் கடையில் யாரோ ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒண்ணு பண்ணித் தரவா?" என்றாள் பெர்னதெத். "பின்னாடி மெல்லிசுத் துணி வெச்சு, இதை அதே எடத்துல பொருத்தி, மேல பூ மாதிரி போட்டுடறேன். கிழிஞ்சதே தெரியாது. கல்யாணத்துக்குள்ள முடிஞ்சுடும்."

அவர் முகத்தில் உயிர் வந்தது.

"தெரியாதா?"

"பாக்கறவங்களுக்குத் தெரியாது."

"என் தம்பிக்கு?"

"அது எனக்குத் தெரியாது சார். உங்களுக்குத்தான் தெரியும்."

வந்த உயிர் மெல்லப் போய்விட்டது.

"கண்டுபிடிச்சுடுவான்" என்றார். "அங்க ஒரு ஓட்டை இருக்குன்னு அவனுக்கு ஏற்கெனவே தெரியும்."

பெர்னதெத் குழந்தையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் பாருங்க."

"தம்பிதான்."

"கால்கிட்ட."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். தங்கக் கோடு குழந்தையின் காலைச் சுற்றி வரும்போது கணுக்காலில் ஓரிடத்தில் புடைத்து வளைந்திருந்தது. கோட்டுக்கு உள்ளே நான்கு விரல்கள்.

"இது யாரோட விரல் சார்?"

கலியபெருமாள் மேசையில் கிடந்த பெரிய படத்தைப் பார்த்தார். இரவல் கோட்டின் கை நீண்டிருந்தது. அதன் முனையில் விரல்கள் இல்லை. மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார். அந்த விரல்கள் இன்னும் காலை விடவில்லை.

அவர் அழுதார். தபால்காரர்கள் எத்தனையோ சாவுத் தந்திகளைக் கொடுத்தவர்கள், சுலபத்தில் அழ மாட்டார்கள் என்பார்கள். இவர் சின்னப் பையன் மாதிரித் தேம்பினார். பெர்னதெத் நூல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுக்கு என்னா தையல் டீச்சர்?"

"அன்னிக்கு அம்மா என்னா கலர் புடவை கட்டியிருந்தாங்க?"

"அரக்கு. மஞ்சள் கரை. அவனுக்கு ஞாபகம் இருக்காது, ரெண்டு வயசு. இப்ப அது தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான்."

அவள் அரக்கு நூலை எடுத்து ஊசியில் கோத்துக் கொடுத்தாள்.

"அம்மா மடியையும் அந்தக் காலையும் சேத்து ஒரு தையல். ஒண்ணே ஒண்ணு."

அவர் பையைத் துழாவி அந்தக் காகிதத்தை எடுத்தார். பிரிக்கப்படாமலே இருந்தது. பிரித்து, ஓர் அரிசியை எடுத்து மடியின் ஓரத்தில் வைத்து அளந்தார். ஊசி உள்ளே போய், அரிசி அளவு தள்ளி வெளியே வந்தது. குழந்தை மடியின் ஓரத்தில் ஒற்றைத் தையலில் நின்றான். பழக்க தோஷம், கை தானாக முடிச்சுக்குப் போயிற்று. போன கை நின்றது.

"டீச்சர், முடிச்சு?"

"நீங்களே சொல்லுங்க."

அவர் ஊசியை விட்டார். அது மேசை விளிம்பிலிருந்து தொங்கியது.



"கல்யாணக் கூட்டத்துல இதைக் கொடுக்க முடியாது" என்றார் அவர். "நாளைக்கே கடலூர் போறேன். அவன் வீட்டுல உக்காந்து கொடுக்கறேன். இந்தத் தடவை விளக்கம் எல்லாம் இல்ல."

"சரி சார்."

"இதெல்லாம் எனக்கு வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லலாம்."

"கொண்டு வந்து மாட்டி வெச்சுக்கிட்டு, ஊசியைத் தொங்க விட்டு, நானும் உங்களை மாதிரி உக்காந்திருக்கணுமா? எத்தனை நாள் டீச்சர்?"

பெர்னதெத் அப்பா படத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு வேறு எதையோ கேட்பவள் போலக் கேட்டாள்.

"தபால் ஆபீஸ்ல, வாங்கறதுக்கு ஆள் இல்லன்னா அந்தக் கடிதத்தை எத்தனை நாள் வெச்சிருப்பீங்க சார்?"

"ஏழு நாள்." ஆபீஸ் குரல் தானாக வந்தது. "ஏழு நாள் வெச்சிருந்து, அப்புறம்தான் அனுப்பினவருக்குத் திருப்பணும்."

"யாருன்னே தெரியாதவங்களுக்கா?"

"யாரா இருந்தா என்னா, ஏழு நாள் காத்திருந்துதான்..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரெண்டு மணி நேரம் டீச்சர்" என்றார். "ரெண்டே ரெண்டு மணி நேரம்."

அவர் எழுந்து படத்தை உறைக்குள் வைக்கப் போனார். ஊசி நூல் ஒரு முழத்துக்கு மேல் தொங்கியது. உறைக்குள் அடங்கவில்லை. ஒழுங்கு பார்க்கும் கை கத்தரிக்கோலை எடுத்தது.

பெர்னதெத் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நறுக்காதீங்க சார். உங்க தம்பி கை எட்டணும்."